இடப்பக்கத்து ஸ்பீக்கர்

பிப்ரவரி 3

தம்பிக்கு,

மூன்று வருஷத்துக்குப் பிறகு எழுதுகிறேன். சௌக்கியமா என்று கேட்டால் “இப்பத்தான் கேக்கத் தோணுச்சா?” என்பாய். கேட்காவிட்டால் “அதைக்கூடக் கேக்கல பாரு” என்பாய். அதனால் நேரே விஷயத்துக்கு வருகிறேன். போனில் சொல்லியிருக்கலாம். ஆனால் கடைசியாக நாம் போனில் பேசியது இரண்டு நிமிஷம். அதிலும் ஒரு நிமிஷம் நீ வாயே திறக்கவில்லை.

விஷயம் ஸ்பீக்கர். நாம் இரண்டு பேரும் இந்த வீட்டில் ஒன்றாக இருந்தபோது சேர்ந்து வாங்கினோமே, அந்த ஜோடி. இருபத்திரண்டு வருஷம் ஆகிறது. கொஞ்ச நாளாக இடது பக்கம், அதாவது புத்தக அலமாரி பக்கம் இருப்பது சரியில்லை. பாடுகிறது, ஆனால் போர்வையைப் போர்த்திக்கொண்டு பாடுகிறது. மணிச் சத்தம், குழலின் உச்சி, பாடுகிறவர் மூச்சு இழுப்பது, இதெல்லாம் அந்தப் பக்கம் வருவதே இல்லை. வலது பக்கம், ஜன்னலோரத்து ஸ்பீக்கரில் ஒரு குறையும் தெரியவில்லை.

கடைக்காரர் ஒருவர் வீட்டுக்கே வந்தார். “இருபத்திரண்டு வருஷமா? இதுக்கெல்லாம் ஆயுசு முடிஞ்சு ரொம்ப நாளாச்சு மேடம். ரெண்டையும் தூக்கிப் போட்டுட்டுப் புதுசு மாட்டிடுங்க” என்றார். ஒரு பாட்டுப் போட்டுக் கேட்கக்கூட இல்லை.

எனக்கு ஒரு முடிவுக்கு வர முடியவில்லை. உன்னைக் கேட்காமல் தூக்கிப் போட்டால் அதற்கும் சேர்த்து இன்னொரு மூன்று வருஷம் பேசாமல் இருப்பாய். மாற்றலாமா, வேண்டாமா? ஒரு வரி எழுதினால் போதும்.

அக்கா


பிப்ரவரி 12

அக்கா,

ஒரு வரியில எழுத முடியாது. விக்கிறவன்கிட்ட போய் மாத்தணுமான்னு கேட்டா அவன் வேற என்ன சொல்லுவான்?

நான் இங்க நாப்பது கட்டடத்து லிஃப்டைப் பாத்துக்கிறேன். ஒரு லிஃப்ட் நின்னுபோச்சுன்னா எடுத்த எடுப்புல மோட்டாரைக் கழட்ட மாட்டோம். எது ஒழுங்கா இருக்குன்னு ஒவ்வொண்ணா பாத்து ஒதுக்கிட்டே வருவோம். கடைசியா மிச்சம் நிக்கிறதுதான் கோளாறு. நீயும் அப்படியே பண்ணு.

முதல்ல முன்னாடி இருக்கிற துணியைக் கழட்டு. நடுவுல காகிதக் கூம்பு இருக்கும். அதைச் சுத்தி மெத்துன்னு ஒரு வளையம். பழசான ஸ்பீக்கர்ல முதல்ல போறது அந்த வளையம்தான். தொட்டுப் பாரு. மெதுவா. நீ லேப்ல செய்யுற பல் செட்டைப் பிடிக்கிற மாதிரி பிடிச்சா போதும்.

அப்புறம் ஆம்ப்ளிஃபயரை அணைச்சுட்டு, பின்னாடி இடது வலது ஒயரை மாத்திச் சொருகு. மந்தம் ஜன்னல் பக்கம் போயிடுச்சுன்னா கோளாறு ஆம்ப்ளிஃபயர்ல. போகலைன்னா அது நல்லா இருக்குன்னு அர்த்தம். அப்ப பெட்டி ரெண்டையும் இடம் மாத்தி வை. தனியா தூக்காதே, இடுப்புப் பிடிச்சுக்கும்.

சௌக்கியம்தான். நீ கேக்கல, நானா சொல்றேன்.

தம்பி


பிப்ரவரி 24

தம்பிக்கு,

ஞாயிற்றுக்கிழமை காலை முழுக்க உன் வேலைதான். 

அலமாரி பக்கத்து ஸ்பீக்கரில் வளையம் நன்றாகவே இருக்கிறது. ஜன்னலோரத்து ஸ்பீக்கரில் விரல் பட்டதும் பழைய பிஸ்கட் மாதிரி உதிர்ந்தது. இத்தனை வருஷ வெயில். இதில் வேடிக்கை என்னவென்றால், உதிர்ந்ததுதான் நன்றாகப் பாடுகிறது. மேளம் வரும் இடத்தில் கொஞ்சம் கரகரக்கிறது, அவ்வளவுதான். முழுசாக இருப்பதுதான் மந்தம்.

ஒயரை மாற்றினேன். ஒன்றும் நடக்கவில்லை, அலமாரி பக்கம்தான் மந்தம். சரி என்று பெட்டிகளை மாற்றினேன். எதிர்வீட்டுத் தபால்காரர் ஒரு பக்கம் பிடித்தார். “இதுக்குள்ள கல்லைப் போட்டு வச்சிருக்கீங்களா?” என்று கேட்டார். இடம் மாற்றிய பிறகு என்ன ஆயிற்று தெரியுமா? இப்போதும் அலமாரி பக்கம்தான் மந்தம்! சற்று முன்வரை ஜன்னலோரம் உட்கார்ந்து கணீரென்று பாடிய அதே பெட்டி, இந்தப் பக்கம் வந்ததும் வாயைப் பொத்திக்கொண்டது. போன பெட்டி அங்கே நன்றாகப் பாடுகிறது.

அலமாரி மேலா தப்பு? புத்தகங்கள் சத்தத்தைக் குடிக்குமா? உனக்குத்தான் தெரியும்.

லேப்பில் வேலை கழுத்து வரை இருக்கிறது. ஒரு பெரியவர் புதுப் பல் செட் கட்டிக்கொள்ள வந்தார். முன்பல் நடுவில் அவருக்கு ஒரு சந்து இருந்ததாம். “அதையும் அப்படியே வச்சுடும்மா. இல்லாட்டி வீட்டுக்காரி வேற யாரோன்னு நெனச்சுக் கதவைச் சாத்திடுவா” என்கிறார். இரண்டு நாளாக அந்தச் சந்தைச் செதுக்கிக்கொண்டிருக்கிறேன். பல் செய்வதைவிடச் சந்து செய்வது கஷ்டம்.

அக்கா


மார்ச் 5

அக்கா,

அலமாரிக்கு அவ்வளவு சக்தி கிடையாது.

இன்னும் ஒண்ணே ஒண்ணு பண்ணு. நாற்காலியைத் திருப்பிப் போட்டு, ஸ்பீக்கருக்கு முதுகைக் காட்டி உக்காரு. பழைய பாட்டையே போட்டுக் கேளு. எந்தப் பக்கம் மந்தமா இருக்குன்னு எழுது.

அதோட மூணு கேள்வி. போன்ல பேசும்போது எந்தக் காதுல வச்சுக்கிறே? காதுக்குள்ள ஏதாவது சத்தம் ஓடிட்டே இருக்கா? நடக்கும்போது ஒரு பக்கமா இழுக்குதா? ஏன் கேக்குறேன்னு கேக்காதே. பதிலை மட்டும் எழுது. சீக்கிரம்.

தம்பி


மார்ச் 14

தம்பிக்கு,

உன் ஸ்பீக்கருக்குப் பேய் பிடித்திருக்கிறது. திரும்பி உட்கார்ந்தேன். அலமாரி பக்கம் பளிச்சென்று தெளிந்துவிட்டது. ஜன்னல் பக்கம் மந்தமாகிவிட்டது! நான் எப்படித் திரும்பினாலும் என் இடது கைப் பக்கம் வந்து நின்றுகொள்கிறது.

உன் மூன்று கேள்விக்குப் பதில். போனை வலது காதில் வைத்துக்கொள்கிறேன். முன்பு இடதில் வைத்துக்கொண்டு வலது கையால் குறித்துக்கொள்வேன். எப்போது மாறினேன் என்று ஞாபகம் இல்லை. இடது காதுக்குள் ஃப்ரிட்ஜ் ஓடுகிற மாதிரி ஒரு முனகல் உண்டு. லேப்பில் நாள் முழுக்கத் தேய்க்கிற மெஷின் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறவளுக்கு அது இல்லாமல் இருந்தால்தான் ஆச்சரியம். படி இறங்கும்போது கைப்பிடியைப் பிடித்துக்கொள்கிறேன். ஐம்பத்திரண்டு வயசு ஆகிறது, குதித்துக்கொண்டா இறங்குவேன்?

போதும் இந்த ஆராய்ச்சி. இரண்டு ஸ்பீக்கரும் மாறி மாறி மக்கர் பண்ணுகிறது என்றால் இரண்டும் போய்விட்டது என்றுதானே அர்த்தம்? கடைக்காரரிடம் புது ஜோடிக்குச் சொல்லிவிட்டேன். அடுத்த வாரக் கடைசியில் மாட்ட வருகிறார்கள். பழையது உனக்கு வேண்டுமென்றால் சொல்.

அக்கா


மார்ச் 19

அக்கா,

இதை நாலு தடவை எழுதிக் கிழிச்சாச்சு. இது அஞ்சாவது. இதையும் கிழிச்சேன்னா எனக்கு மனசாட்சியே இல்லைன்னு அர்த்தம்.

புது ஸ்பீக்கரை நிறுத்து. ஒயரை மாத்தினே, பெட்டியை மாத்தினே, நாற்காலியையும் திருப்பினே. எல்லாத்தையும் ஒதுக்கியாச்சு. மிச்சம் நிக்கிறது உன் இடது காது ஒண்ணுதான்.

மெஷின் சத்தத்துல காது கெட்டா ரெண்டும் சேர்ந்துதான் கெடும். எங்க மோட்டார் ரூம் ஆளுங்களுக்கு அப்படித்தான். உனக்கு ஒரு பக்கம் மட்டும் போயிருக்கு. அதோட முனகல், படியில கைப்பிடி. என்னன்னு எனக்குத் தெரியாது, நான் டாக்டர் இல்ல. ஆனா உடனே காது டாக்டரைப் பாரு. இந்த வாரமே.

நான் எதையோ திருப்பிக் குடுக்குறேன்னு நெனச்சுக்காதே. அந்த பயத்துலதான் நாலு தடவை கிழிச்சேன்.

தம்பி


மார்ச் 28

தம்பிக்கு,

நீ அப்படி எழுதாமல் இருந்திருந்தால் நானும் அப்படி நினைத்திருக்க மாட்டேன். எழுதிவிட்டாய். அதனால் நானும் உடைத்தே எழுதுகிறேன்.

மூன்று வருஷத்துக்கு முன்னால் உன் மாமனார் வீட்டுக் கூடத்தில், இரண்டு வீட்டுப் பெரியவர்களும் உட்கார்ந்திருக்க, “அவளை யாரும் குறை சொல்லாதீங்க, தப்பு என் தம்பி மேலதான்” என்றேன். நீ எழுந்து வெளியே போனாய். அன்றோடு உன் கல்யாணமும் முடிந்தது, நம் பேச்சும் முடிந்தது. நான் சொன்னதால்தான் முடிந்தது என்று ஊரெல்லாம் சொன்னாய்.

இப்போது ஸ்பீக்கர் மேல் தப்பில்லை, ஆம்ப்ளிஃபயர் மேல் தப்பில்லை, அலமாரி மேல்கூடத் தப்பில்லை. தப்பு அக்கா மேல். கணக்குச் சரியாக வந்துவிட்டது இல்லையா? 

எனக்குக் காது நன்றாகத்தான் கேட்கிறது. உன்னைப் பற்றி யார் என்ன பேசினாலும் கேட்கிறது. கடைக்காரரைக் கொஞ்ச நாள் பொறுக்கச் சொல்லிவிட்டேன். முதலில் அலமாரியை நகர்த்தப் போகிறேன்.

அக்கா


ஏப்ரல் 4

அக்கா,

அன்னிக்கு நீ சொன்னது நிஜம்.

இதை எழுத மூணு வருஷம் ஆயிருக்கு. அவ எட்டு மாசம் எங்கிட்ட பேச முயற்சி பண்ணினா. நான் வேலை முடிஞ்சு வருவேன், சாப்பிடுவேன், சுவத்தைப் பாத்துப் படுத்துக்குவேன். என்னாச்சுன்னு கேட்டா ஒண்ணுமில்லைம்பேன். சண்டை போட்டிருந்தாக்கூட அவளுக்குப் பிடிச்சுக்க ஒரு நுனி கிடைச்சிருக்கும். நான் அதையும் குடுக்கல. அந்தக் கூடத்துல எல்லாரும் அவ மேல கையைக் காட்டினப்ப நான் வாயை மூடிட்டு உக்காந்திருந்தேன். நான் சொல்லியிருக்க வேண்டியதை நீ சொன்னே. எழுந்து போனது உன் மேல இருந்த கோவம் இல்ல. அவ மூஞ்சியைப் பாக்க முடியல.

நீதான் கல்யாணத்தை முடிச்சேன்னு நான் சொன்னது பொய். சொல்லும்போதே பொய்னு தெரியும்.

அதனால இதை என் வாயால வர்றதா எடுத்துக்காதே. நீயே பாத்துக்கோ. போனை எடு, டயல் சத்தம் வரும். வலது காதுல வை. அப்புறம் இடது காதுல வை. ரெண்டும் ஒண்ணாக் கேட்டா நான் சொன்னதெல்லாம் குப்பைன்னு எழுதிடு, ஒத்துக்கிறேன். கேக்கலைன்னா டாக்டர்கிட்ட போ. அக்கா, உன்னைக் கெஞ்சிக் கேக்குறேன்.

சின்னவன்


ஏப்ரல் 19

சின்னவனே,

இந்தப் பெயரில் நீ கையெழுத்துப் போட்டு எத்தனை வருஷம் ஆயிற்று!

டயல் சத்தத்தைக் கேட்டேன். வலது காதில் கேட்டது. இடது காதில், போன் செத்துப்போய்விட்டது என்றே நினைத்தேன். மறுபடி வலதுக்கு மாற்றினேன், இருந்தது. இப்படி ஏழெட்டுத் தடவை மாற்றி மாற்றி வைத்துப் பார்த்தேன். பிறகு தரையிலேயே உட்கார்ந்துவிட்டேன்.

ஆஸ்பத்திரியில் ஒரு கண்ணாடி அறைக்குள் உட்கார வைத்து, சத்தம் கேட்கும்போதெல்லாம் பட்டனை அழுத்தச் சொன்னார்கள். வலது காது முடிந்தது. இடது காதுக்குக் கருவியை மாட்டினார்கள். நான் விரலைப் பட்டன் மேல் வைத்துக்கொண்டு தயாராக இருந்தேன். பரிசோதிக்கிற பெண் இன்னும் ஏன் ஆரம்பிக்கவில்லை என்று பார்த்தால், கதவைத் திறந்துகொண்டு வந்து, “முடிஞ்சதும்மா, வெளியே வாங்க” என்கிறாள்.

ஸ்கேன் எடுத்தார்கள். காதிலிருந்து மூளைக்குப் போகும் நரம்பில் ஒரு கட்டி. பட்டாணி அளவு. புற்று இல்லை, பயப்படாதே. மெதுவாக வளருகிற ஜாதியாம். ஆனால் வளர விட்டால் மூளையை அழுத்தும். டாக்டரம்மா படத்தைப் பார்த்துவிட்டு, “நல்லவேளை, இந்த அளவுலயே வந்தீங்க. தலை சுத்தி விழுந்த பிறகுதான் நிறையப் பேர் வர்றாங்க. யார் கண்டுபிடிச்சது?” என்று கேட்டார். “லிஃப்ட் மெக்கானிக்” என்றேன். அவர் சிரிக்கவில்லை. குறிப்பில் எழுதிக்கொண்டார்.

மே ஒன்பதாம் தேதி ஆபரேஷன். அந்தக் காதில் மிச்சம் இருக்கும் கேட்கும் சக்தியும் போய்விடுமாம். அதை நான் தாங்கிக்கொள்வேன். இன்னொன்றுதான் மனசை அரிக்கிறது. முகத்தை அசைக்கிற நரம்பு அந்தக் கட்டிக்குப் பக்கத்திலேயே ஓடுகிறது. வாய் ஒரு பக்கம் கோணிப்போகலாம், கொஞ்ச நாளுக்கோ என்றைக்குமோ. முப்பது வருஷமாக மற்றவர்கள் சிரிப்பைச் செய்து கொடுத்துக்கொண்டிருக்கிறேன். என் சிரிப்பை எங்கே போய்ச் செய்துகொள்வது?

ஸ்கேனுக்கு என்னுடன் வந்தது அவள்தான். உன் முன்னாள் மனைவி. இந்த மூன்று வருஷமும் மாசம் ஒரு தடவை வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போகிறாள். உன்னிடம் மறைத்ததற்கு மன்னித்துவிடு என்று எழுத வந்தேன், பிறகு எதற்கு என்று தோன்றிவிட்டது.

நீ வர வேண்டும் என்று எழுதவில்லை. உனக்கு நாற்பது கட்டடம் இருக்கிறது.

அக்கா


ஏப்ரல் 25

அக்கா,

இங்க படி இருக்கு, ஒரு மாசம் ஏறி இறங்கட்டும். லீவு போட்டாச்சு. ஆறாம் தேதி காலையில அங்க இருப்பேன்.

உன் பக்கத்துல இருந்ததுக்கு அவளுக்கு என் நன்றியைச் சொல்லு. வேண்டாம், சொல்லாதே. நேர்ல வந்து நானே சொல்லிக்கிறேன். சொல்ல வாய் வருதான்னு பாப்போம்.

சின்னவன்


ஜூலை 2

சின்னவனே,

நீ ஊர் போய்ச் சேர்ந்த தகவல் அப்போதே வந்தது. இந்தக் கடிதத்தைச் சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்து எழுதுகிறேன். தலைச்சுற்றல் நன்றாகக் குறைந்துவிட்டது. நேற்றுக் கைப்பிடியைத் தொடாமலே பதினாறு படி இறங்கினேன். கீழே தபால்காரர் நின்று கைதட்டினார்.

முகத்தைத் தினமும் காலையில் கண்ணாடியில் அளக்கிறேன், லேப்பிலிருந்து அளவுகோல் எடுத்து வந்திருக்கிறேன். நீ இருந்தபோது இடது உதடு ஐந்து மில்லிமீட்டர் இறங்கியிருந்தது. இப்போது இரண்டு. காப்பி குடித்தால் இன்னும் ஒரு சொட்டு ஒழுகுகிறது. இன்னும் ஆறு மாசம் பொறுத்துப் பார்க்கலாம் என்கிறார் டாக்டரம்மா. நான் கட்டிக் கொடுத்த பல் செட் இப்படி இரண்டு மில்லிமீட்டர் தவறியிருந்தால் திருப்பி வாங்கியிருப்பேன். இதைத் திருப்பி அனுப்ப வழியில்லை, அணிந்துகொண்டுதான் ஆக வேண்டும். இந்தத் திங்கட்கிழமை வேலைக்குப் போகிறேன்.

ஆஸ்பத்திரி வராந்தாவில் நீயும் அவளும் இரண்டு நாற்காலி தள்ளி உட்கார்ந்திருந்ததை மயக்கம் தெளிந்து தள்ளுவண்டியில் போகும்போது பார்த்தேன். நீ அவளிடம் ஏதோ சொல்லிக்கொண்டிருந்தாய். என்ன சொன்னாய் என்று இன்றுவரை கேட்கவில்லை, இனியும் கேட்க மாட்டேன். அவளும் வாயைத் திறக்கவில்லை. ஆனால் போன வாரம் வந்தவள், “அவருக்கு முடி ரொம்ப நரைச்சுப் போச்சு இல்ல?” என்றாள். அவ்வளவுதான்.

இப்போது ஸ்பீக்கர். நீ இங்கே இருந்த கடைசி வாரத்தில் வளையம் உதிர்ந்த பெட்டிக்குப் புது வளையம் ஒட்டினாய். பசை காய ஒரு நாள் முழுக்கக் காத்திருந்து, மேளம் வரும் பாட்டைப் போட்டுவிட்டு, “கேளு, ரெண்டு பக்கமும் எப்படிச் சேர்ந்து வருதுன்னு” என்றாய். சொன்ன கையோடு உன் முகம் செத்துவிட்டது. நான் ஏதோ சாக்குச் சொல்லிச் சமையலறைக்குப் போனேன். அழத்தான் போனேன் என்று உனக்கும் தெரிந்திருக்கும். இரண்டு பக்கத்திலிருந்தும் வந்து நடுவில் ஒரு ஆள் நின்று பாடுகிற மாதிரி இருக்குமே, அது எனக்கு இனிமேல் கிடையாது. அதற்காக ஒரு நாள் அழலாம் இல்லையா?

மறுநாள் நீ ரயிலேறின பிறகு அந்தக் கடைக்காரர் மறுபடி வந்தார். “என்ன மேடம், முடிவு பண்ணிட்டீங்களா?” என்றார். நான் தலையைத் திருப்பி ஆபரேஷன் தழும்பைக் காட்டி, “மாத்த வேண்டியதை மாத்தியாச்சு” என்றேன். பாவம், அரண்டுபோய்விட்டார். உட்கார வைத்துக் காப்பி கொடுத்தேன். வளையத்தைத் தடவிப் பார்த்துவிட்டு, “இது இன்னும் பத்து வருஷம் ஓடும்” என்று அவரே சொல்லிவிட்டுப் போனார்.

ஆம்ப்ளிஃபயரின் ஓரத்தில் மோனோ என்று ஒரு சின்னப் பட்டன் இருப்பதாக நீ சீட்டு எழுதி ஒட்டிவைத்திருந்தாய். இரண்டு பக்கத்துச் சத்தத்தையும் ஒன்றாகக் கலந்துவிடும், எதுவும் தப்பிப் போகாது என்று. இருபத்திரண்டு வருஷமாக யாரும் தொடாத பட்டன், மேலே ஒரே தூசி. அழுத்தினேன். நாற்காலியை வலது காது முன்னால் வருகிற மாதிரி சாய்த்துப் போட்டேன். பாடுகிறவர் மூச்சு இழுத்தது கேட்டது. எங்கிருந்து என்று தெரியவில்லை. அறையில் எங்கேயோ இருந்துகொண்டு பாடுகிறார். அது எனக்குப் போதும் என்று அன்றைக்கு முடிவு செய்தேன். ஸ்பீக்கரை மாற்றவில்லை.

ஒரே ஒரு தொந்தரவு. ஒற்றைக் காதில் திசை தெரியாது. யாராவது கூப்பிட்டால் எந்தப் பக்கம் என்று புரியாமல் வீடு முழுக்கச் சுற்றுகிறேன். கேஸ்காரன் வாசலில் நிற்க, நான் குளியலறைக்குள் போய்த் தேடினேன்.

டிசம்பரில் வருகிறேன் என்றாயே. வந்தால் வாசலில் நின்று கூப்பிடாதே. கதவைத் தாழ் போட மாட்டேன். நேரே உள்ளே வந்து எனக்கு எதிரில் நில்.

அக்கா